தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டிய இரண்டு தாள்கள்



கடை வாடகைக்கு ஒப்பந்தம் எழுதுகிறோம். பங்குதாரர் சேர்ந்தால் முத்திரைத்தாளில் பங்குப் பத்திரம் எழுதுகிறோம். சரக்கு ஏறினால் பில், இறங்கினால் ரசீது. தீ விபத்துக்கு இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். நமக்குப் பின் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போகாமல் இருக்க உயிலும் எழுதுகிறோம். இத்தனை தாள்களையும் பீரோவில் பத்திரப்படுத்தும் நாம் ஒரே ஒரு நிலைமைக்கு மட்டும் ஒரு வரிகூட எழுதி வைப்பதில்லை. உயிரோடுதான் இருக்கிறோம், கை கால் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மனம் நம் வசத்தில் இல்லை. அந்த நாட்களில் நமக்காக யார் பேசுவது? எந்த மருத்துவரிடம் போவது? கல்லாவில் யார் உட்காருவது?

நம்மில் பலர் இந்தக் கேள்வியை வாய்விட்டுச் சொல்வதே அபசகுனம் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர் சம்மதம் கொடுத்த பிறகே இதை எழுதுகிறேன்.

எங்கள் மளிகை மொத்தக் கடையில் எனக்கு மூத்த பங்குதாரர் ஒருவர் உண்டு. அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பேரேட்டில் ஒரு பைசா பிசகினால் அன்று இரவு சாப்பிட மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு மாசி மாதம் தூங்குவதை நிறுத்திவிட்டார். இரவு 2 மணிக்குக் கடையைத் திறந்து மூட்டைகளை இடம் மாற்றி அடுக்குவார். பேச்சில் வேகம் கூடியது. வற்றல் வரத்துக் காலம் அது. 15 நாட்களுக்குள், எங்கள் ஓராண்டு விற்பனைக்கும் மேலான மிளகாய் வற்றலுக்கு ஃபோனிலேயே விலை பேசி அட்வான்ஸ் அனுப்பிவிட்டார். தொடக்கத்தில் நாங்கள் அதைத் துணிச்சல் என்றே நினைத்தோம். விலை ஏறப்போவது இவருக்குத் தெரிந்திருக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர்கூடப் பாராட்டினார்!

நிலைமை புரிந்தபோது இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டோம். அண்ணாச்சியின் சொந்தக் கணக்கிலிருந்து செக்குகள் போய்க்கொண்டிருந்தன. மகன் பெயரில் ஏற்கெனவே ஜெனரல் பவர் எழுதியிருந்ததால் அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனோம். அப்பாவுக்கு என்ன உடம்பு என்று மேலாளர் கேட்டார். பையன் உள்ளதைச் சொன்னான். அவர் பவர் பத்திரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டிலோ, மகன் ஒரு மருத்துவமனை சொல்ல, மதினியின் அண்ணன் வேறொன்று சொல்ல, யார் கையெழுத்துப் போடுவது என்பதிலேயே 3 நாள் போயிற்று. கடைசியில் உறவினர் ஒருவர் சொன்ன வெளியூர் விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே கொடுத்த ஊசியில் அவருக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை.

குணமாகி வந்த பிறகுதான் தெரிந்தது. அவருக்கு இளவயதிலேயே ஒருமுறை இதே நோய் வந்திருக்கிறது. எந்த மருந்து கேட்கும், எந்த ஊசி ஆகாது, எந்த மருத்துவர் பார்த்தார் என்பதெல்லாம் அவருக்கே நன்றாகத் தெரியும். அந்த நாட்களில் அதைச் சொல்லியும் இருக்கிறார். நாங்கள்தான் பிதற்றல் என்று காதில் வாங்கவில்லை. "என் பேச்சைத்தான் நம்பவில்லை. நான் தெளிவாக இருந்தபோது எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தாளையாவது நம்பியிருப்பீர்கள்" என்றார். அதன்பின் வழக்கறிஞரிடமும் மருத்துவரிடமும் நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதே இந்தப் பாடம்.

முதல் தாள்: சிகிச்சைக்கு

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இதன் 5-ஆவது பிரிவு 18 வயது நிரம்பிய எவருக்கும் ஓர் உரிமை தருகிறது. அதற்கு முன் அறிவுறுத்தல் என்று பெயர். எனக்கு மனநோய் வந்து, சிகிச்சை பற்றி நானே முடிவெடுக்க முடியாத நிலை ஏற்பட்டால் என்னை எப்படிப் பராமரிக்க வேண்டும், எப்படிப் பராமரிக்கக் கூடாது, என் சார்பில் யார் நிற்க வேண்டும் என்று மூன்று விஷயங்களையும் எழுதி வைக்கலாம். மூன்றில் ஒன்றை மட்டும் எழுதினாலும் செல்லும். முன்பு நோய் வந்தவர்தான் எழுதலாம் என்பதில்லை. ஒரு நாளும் மனநோயே வராதவரும் எழுதலாம்.

இந்தத் தாள் உயில் மாதிரி ஒரேயடியாக அமலுக்கு வருவதல்ல. முடிவெடுக்கும் திறன் போகும்போது உயிர்பெறும்; திறன் திரும்பியதும் ஓய்ந்துவிடும். திறன் உள்ள நேரத்தில் அவர் வேறு முடிவு சொன்னால் பழைய தாளைவிடப் புதிய சொல்லுக்கே மதிப்பு. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம்.

திறன் என்றால் என்ன? சிகிச்சை பற்றிய தகவலைப் புரிந்துகொள்வது, இன்னது செய்தால் இன்னது நடக்கும் என்று உணர்வது, தன் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிப்பது. 4-ஆவது பிரிவு இதோடு ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறது: ஒருவருடைய முடிவு மற்றவர் கண்ணுக்குத் தவறாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. அப்பா நஷ்டத்துக்கு விற்கிறார், ஆகவே அப்பாவுக்குப் புத்தி சரியில்லை என்று கிளம்பும் பிள்ளைகள் இதை இரண்டு முறை படிக்கட்டும்.

தாளை அதற்குரிய படிவத்தில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, மனநல மறுஆய்வு வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்த வாரியம் மாவட்ட நீதிபதி தகுதி உள்ளவரைத் தலைவராகக் கொண்டது. ஆட்சியரின் பிரதிநிதியும் மருத்துவர்களும் அதில் உண்டு. மனநோய் கண்டவர்கள், பராமரிப்பவர்கள், தொண்டு நிறுவனத்தார் ஆகியோரிலிருந்தும் 2 பேர் இருப்பார்கள். படிவத்துக்கும் விவரத்துக்கும் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ அணுகலாம்.

தாள் இருக்கிறது என்றால் மருத்துவர் அதன்படி நடக்கக் கடமைப்பட்டவர். நடக்க முடியாது என்று அவரோ உறவினரோ நினைத்தால் வாரியத்திடம் மனுச் செய்து மாற்ற வேண்டுமே தவிர, தாமாகவே ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தாளின் நகலை மருத்துவர் கையில் சேர்ப்பது நம் பொறுப்பு. நகல் வரவில்லை என்றால் அவர்மீது குற்றமில்லை. பீரோவில் பூட்டி, சாவியை நோயாளியின் இடுப்பில் விட்டுவைத்தால் என்ன பயன்? அவசர சிகிச்சைக்கு இந்தத் தாள் பொருந்தாது. சட்டத்துக்கு விரோதமாக எழுதினாலும் செல்லாது.

சாதாரண வெள்ளைத்தாள் போதும்

படிவம், வாரியம் என்றதும் நம் ஆட்கள் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்காக 14-ஆவது பிரிவு ஒரு சுலப வழி வைத்திருக்கிறது. நியமனப் பிரதிநிதி யார் என்பதை மட்டுமாவது சாதாரண வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். அவர் 18 வயது நிரம்பியவராகவும், பொறுப்பை ஏற்கும் தகுதி உள்ளவராகவும், எழுத்தில் சம்மதம் தருபவராகவும் இருக்க வேண்டும். உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாதிரி வாசகம் கீழே:

"நான், ......... ஊரில் மளிகைக் கடை நடத்திவரும் ........., வயது ....., மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 14-இன்படி, என் மனநலச் சிகிச்சை சம்பந்தமான காரியங்களில் எனக்குத் துணை நிற்க ......... என்பவரை என் நியமனப் பிரதிநிதியாக நியமிக்கிறேன். இதற்கு முன் நான் செய்த நியமனம் ஏதும் இருந்தால் அது ரத்து. தேதி, கையொப்பம். மேற்படிப் பொறுப்பை ஏற்கச் சம்மதிக்கிறேன்: பிரதிநிதியின் கையொப்பம்."

இதை எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? முதலில் உறவினர், அவர் இல்லையென்றால் பராமரிப்பவர், அதன்பின் வாரியம் நியமிப்பவர், அதுவும் இல்லாதபோது சமூக நலத்துறை இயக்குநர் என்று சட்டமே வரிசை வைக்கிறது. உறவினர் என்று சொல்கிறதே ஒழிய, எந்த உறவினர் என்று சொல்லவில்லை. அண்ணாச்சி வீட்டில் மகனும் மைத்துனரும் 3 நாள் மல்லுக்கட்டியது இந்த ஓட்டையில்தான்.

பிரதிநிதி என்றால் எஜமான் ஆகிவிடமாட்டார். நோயாளியின் இப்போதைய விருப்பம், முந்தைய விருப்பம், வாழ்க்கைமுறை எல்லாவற்றையும் கருதியே அவர் முடிவுக்குத் துணை நிற்க வேண்டும். நோய் என்ன, மருந்து என்ன என்று மருத்துவரிடம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. சேர்க்கவும் மனுச் செய்யலாம், வெளியே விடச் சொல்லியும் மனுச் செய்யலாம். தானாகச் சேர முடியாத நிலையில் உள்ளவரை அவருடைய மனுவின்மேல், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பார்த்துச் சொன்னால், 30 நாள் வரை சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வைக்க மறுபடியும் பரிசோதனையும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும்.

இவ்வளவு காகிதம் எதற்கு என்று கேட்பவர்கள் 2001 ஆகஸ்ட் 6-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். அன்று அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றி 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. இன்றைய சட்டத்தின் 95-ஆவது பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. வேண்டுதலுக்காகத் தர்காவுக்கும் கோயிலுக்கும் போவதை யாரும் தடுக்கவில்லை. ஏர்வாடியிலேயே பின்னாளில் பிரார்த்தனையும் நடக்கட்டும், மருந்தும் கிடைக்கட்டும் என்று அரசு மனநல மருத்துவர்களின் சேவை ஏற்பாடாயிற்று. சண்டை போடாமல் இரண்டு பக்கமும் ஒத்துப்போன அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

இரண்டாம் தாள்: வியாபாரத்துக்கு

இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். மேலே சொன்ன தாள் சிகிச்சைக்கு மட்டுமே. அதை வைத்து ஒரு செக்கில் கையெழுத்துப் போட முடியாது, ஒரு மூட்டை சரக்கை விற்க முடியாது.

பவர் எழுதிக் கொடுத்துவிட்டேன், கவலையில்லை என்பவர்களுக்கு: 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு, பவர் கொடுத்தவர் இறந்தாலோ, அவருக்குச் சித்தசுவாதீனம் போனாலோ அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது. எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் பவர் படுத்துவிடும். மறுபுறம், 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் என்று கொள்ளக் கூடாது, அதைத் தகுதியுள்ள நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆகவே எங்கள் வங்கி மேலாளர் செய்தது முழுக்கச் சரியும் அல்ல, முழுக்கத் தவறும் அல்ல. சந்தேகம் வந்துவிட்ட பவரை எந்த வங்கியும் தொடத் தயங்கும். நடைமுறையில் நமக்கு அதுவே முட்டுக்கட்டை.

அப்படியானால் அண்ணாச்சி ஃபோனில் பேசிய வற்றல் பேரம் செல்லுமா? ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவைப் பாருங்கள். பேரம் பேசும் அந்த நேரத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டு, தனக்கு லாபமா நஷ்டமா என்று சீர்தூக்க முடிந்ததா என்பதே கேள்வி. மனநல மருத்துவமனையில் இருப்பவரும் தெளிவான இடைவேளையில் ஒப்பந்தம் செய்யலாம். காய்ச்சலில் பிதற்றுகிறவரும் நிலைதெரியாமல் குடித்தவரும் அந்த நேரத்தில் செய்ய முடியாது என்று சட்டமே உதாரணம் சொல்கிறது. ஆக, ஒவ்வொரு பேரமும் தனித்தனி வழக்கு. எங்களுக்குச் சில மண்டிக்காரர்கள் நிலைமையைச் சொன்னதும் அட்வான்ஸைத் திருப்பித் தந்தார்கள். ஒருவர் தரவில்லை. கோர்ட்டுக்குப் போகாமல் அந்தச் சரக்கை எடுத்து நஷ்டத்துக்கு விற்றோம்.

சில்லறை மளிகைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு பிரிவும் இதே சட்டத்தில் உண்டு. ஒப்பந்தம் செய்யத் தகுதி இழந்தவருக்கோ, அவர் காப்பாற்றக் கடமைப்பட்ட குடும்பத்துக்கோ, அவர்கள் நிலைக்கேற்ற அத்தியாவசியப் பொருள்களைக் கொடுத்தவர், அதற்கான தொகையை அவருடைய சொத்திலிருந்து பெறலாம். இது 68-ஆவது பிரிவு. வீட்டுக்காரருக்கு மனம் சரியில்லை என்று கேள்விப்பட்டதும் அந்தக் குடும்பத்துக்கு அரிசி, பருப்புப் பற்றை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் பாக்கிக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது.

தனி உரிமையாளராகக் கடை நடத்துபவருக்கே ஆபத்து அதிகம். கணக்கு, லைசென்ஸ், ஜி.எஸ்.டி. பதிவு எல்லாம் ஒருவர் பெயரில் நிற்கும். பங்கு நிறுவனமாக இருந்தால் மற்றப் பங்குதாரர் நிறுவனத்தின் சார்பில் வேலையைத் தொடர முடியும். 1932-ஆம் ஆண்டுப் பங்காண்மைச் சட்டப்படி, வேறு ஏற்பாடு எழுதாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். சித்தசுவாதீனம் போனால் தானாகக் கலையாது. யாராவது வழக்குப் போட்டு நீதிமன்றம்தான் கலைக்க வேண்டும். எனவே பங்குப் பத்திரத்தில் நீண்ட நோய்க்கென்று ஒரு ஷரத்துச் சேர்த்துக்கொள்வது நல்லது. அந்தக் காலத்தில் அவருடைய லாபப் பங்கு யாரிடம் சேர வேண்டும், எத்தனை மாதம் வரை காத்திருப்பது, திரும்பி வந்தால் அவர் இடம் அவருக்கே என்பது எல்லாம் அதில் வரட்டும்.

நாங்கள் சேர்த்த ஷரத்தில் இன்னொன்றும் உண்டு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் எந்தக் கொள்முதலுக்கும் இரண்டு பங்குதாரர் கையெழுத்து வேண்டும். இது அண்ணாச்சிக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்துத்தான். ஆனால் இதைப் பத்திரத்தில் எழுதிவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. பங்குதாரர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட கட்டுப்பாடு, அதை அறியாத வெளியாளைக் கட்டாது என்று பங்காண்மைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே வழக்கமாகச் சரக்கு எடுக்கும் மண்டிகளுக்கும் வங்கிக்கும் கடிதம் கொடுத்து, நகலில் ஒப்புதல் வாங்கிக் கோப்பில் வைத்தோம்.

சொத்தை நிர்வகிக்க ஆளே இல்லாமல் போனால் நீதிமன்றம்தான் வழி. முன்பிருந்த 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இதற்கென்று தனி அத்தியாயம் இருந்தது. மாவட்ட நீதிமன்றம் மேலாளரை நியமிக்கலாம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ரத்து செய்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில், குறிப்பிட்ட காரியத்துக்குக் குறிப்பிட்ட காலம் வரை, அவரோடு கலந்து முடிவெடுக்கும் காப்பாளரை நியமிக்க வழி உண்டு. அது பொருந்தாதபோது உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு போகிறார்கள். இரண்டுக்கும் நல்ல வழக்கறிஞர் வேண்டும், காலமும் பிடிக்கும்.

மெடிக்ளெய்ம் பாலிசி வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துப் பாருங்கள். உடல் நோய்க்குக் கொடுக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் கம்பெனிகளுக்கு இதை அறிவுறுத்தியது. பழைய பாலிசியில் மனநோய் விலக்கு என்று அச்சடித்த வரி இன்னும் இருந்தால் புதுப்பிக்கும்போது ஏஜெண்டிடம் கேளுங்கள்.

கடன் நெருக்கி, உயிரையே விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும் வியாபாரிகளும் நம்மிடையே உண்டு. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்று 115-ஆவது பிரிவு சொல்கிறது. போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

அண்ணாச்சி தம் தாளை எழுதியபோது நானும் உடன் இருந்தேன். மகனையும் வேண்டாம், மைத்துனரையும் வேண்டாம் என்று தம் தங்கையை முதல் பிரதிநிதியாகவும், என்னை இரண்டாவதாகவும் போட்டார். பார்க்க வேண்டிய மருத்துவர், ஆகாத ஊசி, போகக் கூடாத இடம் எல்லாம் எழுதினார். தொடர்ந்து 3 இரவு தூங்காவிட்டால் தம்மைக் கேட்காமலே தங்கைக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்று கடைக் கணக்குப்பிள்ளைக்கும் ஒரு வரி. சட்டத்தில் அதற்கு இடம் உண்டா என்று வழக்கறிஞர் சிரித்தார். இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் அண்ணாச்சி. ஒரு நகல் மருத்துவரிடம், ஒன்று தங்கையிடம், ஒன்று எங்கள் கல்லாப் பெட்டியின் அடித்தட்டில் இருக்கிறது. கடைசி வரியாக அவர் எழுதியது: நான் எங்கே படுத்திருந்தாலும் தினமும் சாயங்காலம் நாள்வழிக் கணக்கை என்னிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும், எனக்குப் புரிகிறதோ இல்லையோ.